முகத்தைப் படித்த மாநபி (ஸல்)

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் மதீனா வந்து சேர்ந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள், நபிப் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கிக் கல்வி பயின்ற ஏழைத் தோழர்களுள் ஒருவர். ஒருநாள் பசி தாளாமல் மக்கள் நடமாடும் வழியில் அமர்ந்தார்கள். அவ்வழியே வந்த அபூபக்ர் (ரலி) அவர்களிடம் இறைவசனம் ஒன்றைக் குறித்து வினவினார்கள். தம்மை அழைத்துச் சென்று உணவளிக்கமாட்டார்களா என்பதே அவ்வினாவின் உள்நோக்கம். அவர்கள் கடந்து சென்றுவிட்டார்கள். உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே சென்றார்கள். பின்னர் வந்த நபி (ஸல்) அவர்களோ, கண்டதுமே புன்னகைத்தார்கள். அவரது முகத்திலும் உள்ளத்திலும் இருந்ததை அறிந்து உடன் அழைத்துச் சென்றார்கள். வீட்டிலிருந்த ஒரு கிண்ணப் பால், திண்ணைத் தோழர்கள் அனைவரின் பசியையும் தீர்த்தது.

அபூபக்ர், உமர் (ரலி) ஆகியோரின் கொடைக்குக் குறைவில்லை. ஆனால் வாய் கேட்டது வசனத்தை. முகம் கேட்டது உணவை.

நபிகளார் கற்பித்த முறையிலும் உடல் பேசியது. மாதத்திற்கு 29 நாள்களும் உண்டு என்பதை விரல்களை மூன்று முறை விரித்து, இறுதியில் பெருவிரலை மடக்கிக் காட்டினார்கள். அநாதையைப் பராமரிப்பவரின் சிறப்பை இரு விரல்களைக் காட்டி விளக்கினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கையைத் தம் இரு கைகளுக்கிடையே வைத்து அத்தஹிய்யாத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கையசைவாலும் தலையசைவாலும் மார்க்க விளக்கம் அளிப்பதற்கென்றே இமாம் புகாரி (ஹி. 194–256) அவர்கள் தம் நூலின் கல்விப் பகுதியில் ஒரு பாடத்தை அமைத்துள்ளார்கள்.

பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்தபோது முகம் சுளிக்கப்பட்டதை, ‘அபஸ’ அத்தியாயம் கண்டித்தது. அவரால் காண இயலாத முகச்சுளிப்பையும் அல்லாஹ் பொருட்படுத்தாமல் விடவில்லை. மக்களிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்பது, லுக்மான் (அலை) தம் மகனுக்குக் கூறிய அறிவுரைகளுள் ஒன்று. ஆக, இது பெற்றோர் கற்பிக்க வேண்டிய பாடம்.

எங்கள் ஆரணியில் தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாதபோது, பட்டு நெய்பவரின் கண்ணசைவையும் கையசைவையும் கண்டே வீட்டார் தேவையை அறிந்துகொள்வர். அத்தகைய ஊரின் பிள்ளைகளும் இன்று கைபேசியிலிருந்து தலை நிமிராமலே ஸலாமுக்குப் பதில் கூறுகின்றனர். அவர்களைக் குறை கூறுமுன் நம் முகம் எங்கே திரும்பியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘புரிந்தது’ என்று தலைகுனிந்தபடி கூறும் மாணவனுக்குப் பெரும்பாலும் பாடம் புரிந்திருப்பதில்லை. ‘பசிக்கவில்லை’ என்று சுவரைப் பார்த்துக் கூறும் பிள்ளையின் மனத்தில் ஏதோ ஒரு துயரம் இருக்கக்கூடும்.

பெற்றோர்களே! ஸலாம் கூறும்போது முழுமையாகத் திரும்பி முகம் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். கண்சாடை காட்டிப் பிறரை ஏளனம் செய்வது குற்றவாளிகளின் செயலெனக் குர்ஆன் கூறுவதை எடுத்துரையுங்கள். “இன்று உன் தோழர்களில் யாருடைய முகம் வாடியிருந்தது? அவரிடம் நீ என்ன கேட்டாய்?” என்று இரவு உணவின்போது வினவுங்கள்.

கேட்காமலே பிறர் துயரை அறியும் உள்ளத்தை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.