‘சமைத்துப் பார்’ நூலின் நீண்ட வாழ்வு

1951-ஆம் ஆண்டு சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்னும் நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். தமிழில் அதற்கு முன்பும் சமையல் நூல்கள் இருந்தன. எனினும் இந்நூலைப் போல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை மிகச் சிலவே. பின்னர் மூன்று பாகங்களாக விரிந்து, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. 2001-இல் பெங்குவின் நிறுவனம் இதிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை ஆங்கிலத்தில் தனி நூலாக வெளியிட்டது.

இளமையிலேயே கணவரை இழந்த அம்மையாரிடம் உறவினர் கடிதம் எழுதிச் செய்முறை கேட்பது வழக்கம். இவற்றை நூலாக்குமாறு தூண்டியவர் அவருடைய உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். நூலின் வெற்றிக்குக் காரணம் இக்கடிதங்களே என்பது என் கருத்து. மாமியார் அருகிலிருந்தால் ‘திட்டமாக உப்பு’ என்றாலே போதும். அரசுப் பணியின் பொருட்டுத் தில்லிக்கும் பம்பாய்க்கும் குடிபெயர்ந்த கணவருடன் வந்த இளம்பெண்ணுக்கு அச்சொல் பயன்படாது. எத்தனை ஆழாக்கு, எத்தனை பலம் என்ற கணக்கே அவளுக்கு வேண்டும். அம்மையார் அக்கணக்கைத் தந்தார்.

ஆனால் அக்கணக்கிற்கே விரைவில் சோதனை வந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் அளவைகள் நாடெங்கும் படிப்படியாக வழக்குக்கு வந்தன. பலமும் தோலாவும் கடைகளிலிருந்து மறைந்தன. நூலோ மறையவில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி. அந்தப் படியும் ஊருக்கு ஊர் மாறுபட்டது. ஆயினும் அரிசியையும் பருப்பையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் விகிதம் பிழைப்பதில்லை; ஒரு டம்ளரையே ஆழாக்காகக் கொண்ட இல்லங்கள் பல. நிறுத்தலளவையை மட்டும் மாற்றித்தான் ஆகவேண்டும். எங்கள் இல்லத்துப் பிரதியில் பலத்தின் அருகே, பலத்திற்கு 35 கிராம் வீதம், என் மனைவியின் பாட்டியார் பென்சிலால் குறித்திருக்கிறார்.

வடபுலத்து நண்பர்கள் இந்நூலைத் தமிழ்ச் சமையல் முழுமைக்கும் உரியதாகக் கருதுவதுண்டு. அது பொருந்தாது. இது அந்தணர் இல்லத்து மரக்கறி உணவைக் கூறுவது; செட்டிநாட்டுக் கோழிக் குழம்புக்கோ கடற்கரையோர மீன் குழம்புக்கோ இதில் இடமில்லை. அவற்றைச் செய்த பாட்டிமார் பலருக்குக் கடிதம் எழுதிக் கேட்பாரும் இல்லை, நூலாக்கத் தூண்டுவாரும் இல்லை.