கணிப்பொறிக் கல்வியின் வாயில்

கணிப்பொறி இயல் ஒரு சிலருக்கே உரியது; இளமை முதல் பொறியோடு பழகியோர்க்கன்றிப் பிறர்க்குக் கைவராது என எண்ணுவோர் நம்மிடையே பலர். மாணவ நண்பர்களே, இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை வரலாற்றின் துணை கொண்டு ஆராய விழைகிறேன்.

1945ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் 'எனியாக்' என்னும் கணிப்பொறி உருவாகி வந்தது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் கொண்ட அப்பெரும் பொறிக்கு வேலை கற்பித்தவர் யாவர்? கேத்லீன் மக்நல்ட்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ் முதலிய ஆறு இளம் பெண்கள். வழிகாட்டும் நூல் ஒன்றும் அவர்களுக்கு இல்லை. வரைபடங்களைத் தாமே கற்று, கம்பிகளை மாற்றிப் பொருத்தி, எறிகணை செல்லும் பாதையைப் பொறி கணிக்குமாறு செய்தனர். அன்று எவருக்கு முன்பழக்கம் இருந்தது? கணக்கறிவும் ஊக்கமுமே அவர்தம் முதல்.

1984ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் இவ்வியலில் இளநிலைப் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு 37 பேர் மகளிர். 2010ஆம் ஆண்டளவில் இது 18 ஆகச் சுருங்கியது. இடையில் நிகழ்ந்தது யாது? வீட்டுக் கணிப்பொறிகள் விற்பனைக்கு வந்தன. அவை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கென்றே வாங்கப்பெற்றன. முன்பே பழகியவர் வகுப்பில் விரைந்து விடை கூற, பழகாதவர் தம்மை அறிவிற் குறைந்தவராகக் கருதலாயினர். காரணங்களுள் இது முதன்மையானது என்பது என் கருத்து.

கார்னகி மெல்லன் பல்கலைக் கழகத்தில் 1995இல் இவ்வியலில் புதிதாகச் சேர்ந்தோருள் மகளிர் நூற்றுக்கு 7 பேரே. ஜேன் மார்கோலிஸ், ஆலன் பிஷர் என்னும் இருவர் மாணவர் பலரை நேரிற் கண்டு உசாவினர். முன்பழக்கம் இன்றி வந்தோரும் நாளடைவில் நன்கு தேறுவதை அவர்கள் கண்டனர். அதன்பின் சேர்க்கையில் முன்பழக்கத்திற்கு முதன்மை தருவது கைவிடப்பட்டது. புதியவர்க்கும் பழகியவர்க்கும் தனித்தனித் தொடக்க வகுப்புகள் அமைந்தன. 2000ஆம் ஆண்டில் மகளிர் நூற்றுக்கு 42 ஆயினர். ஐந்தாண்டில் பெண்களின் அறிவு மாறிவிடவில்லை, வாயில்தான் அகன்றது.

அக்காலத்தின் பெரும்பகுதியில் அங்கே கணிப்பொறி இயற் பள்ளியின் தலைவராக இருந்தவர் ராஜ் ரெட்டி. ஆந்திரச் சிற்றூரிற் பிறந்த அவர், 1958இல் நம் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அங்கு அவர் பயின்றது கட்டடப் பொறியியல்! கணிப்பொறித் துறையின் தலைசிறந்த டூரிங் விருதை 1994இல் அவர் பெற்றார்.

ஆதலின், கணிப்பொறியே காணாத சிற்றூர்ப் பள்ளியிலிருந்து கல்லூரி புகும் மாணவரே, மாணவியரே, முதல் மாதத்தில் உடன் பயில்வோர் உம்மை முந்துவது கண்டு கலங்காதீர். அவர் முன்னே புறப்பட்டவர், அவ்வளவே. முன்பே கற்றவர்களுக்கும் நான் கூறுவது ஒன்றுண்டு: அருகிலிருப்பவர் எளிய வினா ஒன்றை எழுப்பினால் நகையாதீர். ஒரு நகைப்பு ஒரு வாயிலை அடைத்துவிடக் கூடும்.