விறகுத் தணல் காத்த குடும்பங்கள்

'பார்பெக்யூ' என்னும் சொல் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலம் புகுந்தது என்பர். தொடக்கத்தில் அது தீயின்மேல் கட்டிய மரப்பரணைக் குறித்தது. பின்னர் அதில் வாட்டிய இறைச்சிக்கும் பெயராயிற்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இவ்வுணவு இரு மரபுகளாகக் கிளைத்தது. மேற்கே பன்றியின் தோள்கறியை மட்டும் வாட்டி, தக்காளி கலந்த சாற்றுடன் உண்பர். கிழக்கே முழுப் பன்றியை வாட்டி, வினிகரும் மிளகாயும் சேர்ப்பர். அங்குத் தக்காளிக்கு இடமில்லை.

கிழக்கு மரபின் காவலராக விளங்குவோருள் ஜோன்ஸ் குடும்பத்தார் குறிப்பிடத்தக்கவர். பீட் ஜோன்ஸ் 1947இல் ஏய்டன் என்னும் சிற்றூரில் 'ஸ்கைலைட் இன்' உணவகத்தைத் தொடங்கினார். தம் முன்னோர் ஸ்கில்டன் டென்னிஸ் 1830ஆம் ஆண்டளவிலேயே வண்டியில் வைத்து இவ்வுணவை விற்றார் என்பது அக்குடும்பத்தின் செவிவழிச் செய்தி.

இங்குச் சமையல் முதல்நாளே தொடங்கிவிடும். ஓக் மர விறகை அடுப்பில் எரித்துத் தணலாக்குவர். அத்தணலை மண்வாரியால் அள்ளி, செங்கற் குழியில் கிடத்திய பன்றியின் அடியில் பரப்புவர். தடித்த தொடைக்கும் தோளுக்கும் தணல் மிகுதியாக வேண்டும். இரவு முழுதும் மெல்லிய வெப்பத்தில் வெந்த இறைச்சியை மறுநாள் மொறுமொறுத்த தோலுடன் சேர்த்துக் கத்திகளால் கொத்துவர். காகிதத் தட்டில் இறைச்சி, முட்டைக்கோசு சாலட், தட்டையான சோளரொட்டி ஆகிய மூன்றும் இடம்பெறும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எரிவாயு அடுப்பும் மின்னடுப்பும் பரவின. விறகுச் செலவும் இரவு விழிப்பும் மிச்சமாகும் என்று பலர் மாறினர். பீட் ஜோன்ஸ் மாறவில்லை. 1984இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் குவிமாடத்தை ஒத்ததொன்றைத் தம் கூரைமேல் எழுப்பினார். 2003இல் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை இவ்வுணவகத்தைச் சிறப்பித்தது. 2006இல் அவர் மறைந்தார். பேரர் சாம் ஜோன்ஸ் 2015இல் அருகிலுள்ள விண்டர்வில்லில் தொடங்கிய உணவகத்திலும் விறகே எரிந்தது.

எனினும் இம்மரபின் வரலாறு ஒரு குடும்பத்தோடு முடிவதன்று. தென்மாநிலத் தோட்ட உடைமையாளர்களின் விருந்துகளில் குழி வெட்டி, விறகு பிளந்து, இரவெல்லாம் தணல் காத்தவர் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களே. விருந்தளித்தவர் பெயர் ஏடுகளில் நின்றது. சமைத்தவர் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை. 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் இந்நிலை விரைவில் மாறிவிடவில்லை.

தென் கரோலினாவின் ஹெமிங்வே என்னும் ஊரில் 1972இல் கறுப்பினக் குடும்பம் ஒன்று தொடங்கிய உணவகத்தில், பதினொரு வயதிலேயே முழுப் பன்றியை வாட்டக் கற்றவர் ராட்னி ஸ்காட். 2018இல் தென்கிழக்கு வட்டாரத்தின் சிறந்த சமையற்கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்டு விருது அவருக்குக் கிடைத்தது. தணல் காத்தவர் பெயரும் இவ்வாறு ஏட்டில் ஏறத் தொடங்கியுள்ளது. ஒரு கலை அழியாமல் காத்தவரைப் போற்றும் வரலாறு, அதனை அவர்கள் கைக்குக் கொண்டுசேர்த்த பெயரற்ற கைகளையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.