திருச்சிராப்பள்ளி வட்டார வரலாற்றாய்வும் ஜப்பானிய மொழிக் கல்வியின் தேவையும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரி, கொள்ளிடக் கரையூர்களின் நிலவுடைமை வரலாற்றை எழுதியோருள் ஜப்பானிய அறிஞர்களுக்குத் தனியிடம் உண்டு. அவர்கள் தமிழ் கற்றுத் தமிழகச் சான்றுகளைப் படித்தனர். அவர்கள் தம் மொழியில் எழுதியவற்றைப் படிக்கவல்ல தமிழக வரலாற்றாய்வாளர் அரியர். இந்நிலையின் விளைவையும், அதனை மாற்றக்கூடிய பட்டப்படிப்பு, ஆசிரியர் பயிற்சி வாய்ப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அல்லூர், ஈசானமங்கலம், கராஷிமா, நிலவுடைமை, ஜப்பானிய மொழிக் கல்வி

முன்னுரை

திருவரங்கம் அரங்கநாதர் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக 1982ஆம் ஆண்டு வெளிவந்தன. அதே ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதற்கு முன்னரே இவ்வட்டாரம் ஜப்பானியரின் ஆய்வுக் களமாகியிருந்தது.

அல்லூர் முதல் லால்குடி வரை

1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நொபொரு கராஷிமா (1933–2015), திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரித் தென்கரையிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களைத் தெரிவுசெய்தார். பிராமணர் அல்லாத வேளாண் ஊரான அல்லூரில் நிலம் ஊராரின் கூட்டுடைமையாகவும், பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியார் உடைமையாகவும் இருந்தமையை முற்காலச் சோழர் கல்வெட்டுகளின்வழி அவர் வேறுபடுத்திக் காட்டினார். பிற்காலச் சோழர் காலத்தில் கீழ்க்காவிரிப் பகுதியில் தனியுடைமை பரவியது என்பது அவர் அடுத்து நிறுவிய கருத்தாகும். இக்கட்டுரைகள் 1984இல் ஆங்கில நூலாகத் தொகுக்கப்பெற்றன.

1970களின் இறுதியிலிருந்து டோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் திருச்சிராப்பள்ளி மாவட்டச் சிற்றூர்களின் சமூக மாற்றம் குறித்த கூட்டாய்வு வரிசையை வெளியிட்டது. எ. சுப்பராயலு போன்ற தமிழக அறிஞர்களும் அதில் பங்கேற்றனர். திருவரங்கத்திற்கு வடக்கே கொள்ளிடத்தின் மறுகரையிலுள்ள லால்குடி வட்ட நன்செய் ஊர்களின் நிலப்பதிவேடுகளை ஹருகா யானகிசவா ஆராய்ந்தார். 1860கள் முதல் 1970கள் வரை சாதிவாரியாக நிலவுடைமை எவ்வாறு கைமாறியது என்பதை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1996இல் வெளிவந்தது.

மொழியின் இடைவெளி

ஆங்கில நூல்கள் கிடைக்கும்போது ஜப்பானிய மொழி எதற்கு என்னும் வினா எழலாம். ஆங்கில நூல்களில் முடிவுகள் கிடைக்கின்றன. அம்முடிவுகளுக்கு இட்டுச்சென்ற விவாதச் சூழல் முழுமையாகக் கிடைப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானிய வரலாற்றியலில் கிராமச் சமூகம், ஆசிய உற்பத்தி முறை ஆகியன பற்றிய விவாதம் வலுவாக நடைபெற்றது. அல்லூரில் நிலம் யாருடையது என்னும் கராஷிமாவின் வினாவை அவ்விவாதத்தோடு இணைத்தே மதிப்பிடல் வேண்டும். அதனை அறியாதவர் அவர் முடிவை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம்; வினாவையே மறுபரிசீலனை செய்வது கடினம்.

மற்றொரு சான்று சுசுமு ஓனோ (1919–2008) முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கோட்பாடு. தமிழுலகில் இது பெருவரவேற்புப் பெற்றது. மொழியியலாளர் பலர் இதனைக் கடுமையாக மறுத்தனர். பழைய ஜப்பானிய மொழியை அறியாத நிலையில் பாராட்டு, மறுப்பு இரண்டுமே இரவல் கருத்துகளாகவே அமையும்.

பட்டப்படிப்பும் ஆசிரியர் பயிற்சியும்

சாந்திநிகேதனின் விசுவபாரதி, தில்லியின் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், புணேயின் திலக் மகாராட்டிர வித்யாபீடம் ஆகியவை ஜப்பானிய மொழியில் பட்டப்படிப்புகளை நடத்துகின்றன. தமிழ்நாட்டில் இக்கல்வி பெரும்பாலும் தொழில்வாய்ப்பு நோக்கிய சான்றிதழ் வகுப்புகளாகவே வளர்ந்துள்ளது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 2010 முதல் என்5 தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகளில் நடத்தப்பெறுகிறது. சென்னையும் அதன் தேர்வு மையங்களுள் ஒன்று. ஆய்வு நூலைப் படிப்பதற்குத் தொடக்க நிலைகள் போதா. ஜப்பானிய அரசின் ஓராண்டு ‘ஜப்பானியவியல்’ உதவித்தொகையும் ஜப்பானிய மொழி அல்லது பண்பாட்டை முதன்மைப் பாடமாகப் பயிலும் இளநிலை மாணவர்க்கு உரியது. எனவே வரலாற்றையோ தமிழையோ பயிலும் மாணவர்க்கு அவ்வழி திறப்பதில்லை.

ஆசிரியர் பற்றாக்குறையை இரு அரசுகளும் உணர்ந்துள்ளன. ஐந்தாண்டுகளில் 100 உயர்கல்வி நிறுவனங்களில் ஜப்பானிய மொழிச் சான்றிதழ் வகுப்புகளைத் தொடங்குவது, 1,000 ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது என 2017இல் இலக்கு அறிவிக்கப்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 2018இல் புதுதில்லியில் ஆசிரியர் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. ஜப்பான் அறக்கட்டளையின் உராவா நிறுவனம் அயல்நாட்டு ஆசிரியர்களுக்கும், கன்சாய் நிறுவனம் ஆய்வாளர் உள்ளிட்ட துறைவல்லுநர்க்கும் பயிற்சி அளித்து வந்துள்ளன. கன்சாய் நிறுவனத்தின் முறை வரலாற்றாய்வாளர்க்கு நேரடியாகப் பொருந்துவது. துறைசார் வாசிப்பை நோக்கமாகக் கொண்டது.

முடிவுரை

திருச்சிராப்பள்ளியில் முழுமையான ஜப்பானியப் பட்டப்படிப்பை உடனே தொடங்குவது எளிதன்று. முதுநிலை வரலாறு, தமிழ், கல்வெட்டியல் மாணவர்க்கு இரண்டாண்டு வாசிப்புப் பயிற்சியை விருப்பப்பாடமாக அமைப்பது இயலும். அதற்கு முதற்கண் வேண்டுவது வேலைவாய்ப்பு உரையாடலைக் கற்பிக்கும் ஆசிரியருடன் ஆய்வு நூலைப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியரும் ஆவார். புதுதில்லியில் பயிற்சி பெறச் செல்வோரில் வரலாற்றுத் துறையினர் ஓரிருவர் இடம்பெற்றாலே தொடக்கம் அமையும். அல்லூர்க் கல்வெட்டைப் படிக்க அயலார் ஒருவர் தமிழ் கற்றார். அவர் எழுதியதை அவர்தம் மொழியிலேயே படித்து விடையிறுக்கும் ஆய்வாளர் காவிரிக்கரையில் உருவாகும்போதே இவ்வாய்வு உரையாடல் நிறைவுறும்.