இரக்கத்தோடு போய், மரியாதையோடு திரும்புங்கள்



இனயம் கடற்கரை மணலில் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடும் கூடைப்பந்தை ஒருநாள் முதன்முறையாகக் காணச் சென்றால், நெஞ்சில் இரக்கத்தோடுதான் போவீர்கள். சில நிமிடங்களில் அதற்கு அங்கே வேலையில்லை என்று அறிவீர்கள். வளையம் அங்கும் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. நாற்காலிகள் சத்தமிட்டு மோதுகின்றன. ஒருவர் நாற்காலியோடு கவிழ்ந்தால் அவரைத் தூக்கிவிட நீங்கள் பதறி எழுவீர்கள். அவரோ தரையில் கையூன்றித் தாமே நிமிர்ந்து, பந்தைத் துரத்திப் போய்விடுவார்.

இவ்விளையாட்டுகளின் வரலாறு நமக்கும் பாடம் சொல்கிறது. முதுகெலும்பு முறிந்தவர் நெடுநாள் பிழையார் என்று மருத்துவர்களே எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. நாத்சி ஜெர்மனியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கான பிரிவைத் தொடங்கினார். படுக்கைப்புண் வராதபடி இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை அவர்களைத் திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். பின்பு அவர்கள் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் அந்த மருத்துவமனை வளாகத்தில் நாற்காலியில் அமர்ந்தபடி அம்பெய்து போட்டியிட்டனர். 1960இல் ரோம் நகரில் சுமார் 400 பேர் கூடினர். அதுவே முதல் பாராலிம்பிக்.

நம் தமிழகத்திலும் இதற்குச் சாட்சிகள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தில் நடக்கும் திறனை இழந்தார். எனினும் சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையும் நிறுவினார். இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட மாதவி லதா, சென்னையிலிருந்து சக்கர நாற்காலிக் கூடைப்பந்தை நாடெங்கும் பரப்பினார்.

பிரியமானவர்களே, திமிர்வாதக்காரனை நால்வர் கூரையைப் பிரித்து இறக்கியதை நாம் அறிவோம். அன்று ஜனக்கூட்டம் வழியை அடைத்தது. இன்று நம் ஆலயத்தின் படிகள் அடைக்கின்றன. தென்னையிலிருந்து விழுந்தோ வள்ளத்தில் அடிபட்டோ எழ முடியாமற்போனவர்களுக்காக நாம் ஜெபிக்கிறோம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வாரும் என்று அவர்களில் எவரையேனும் அழைத்ததுண்டா? நானும் அழைத்ததில்லை, அதை உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

முறிந்த முதுகெலும்பைக் குட்மனால் சேர்க்க முடியவில்லை. ஆனால் வெல்லவும் தோற்கவும் உரிமையுள்ள மனிதராக அவர்களை மதித்தார். நாமும் அவ்விதமே மதிப்போமாக. முதலில், ஆலய வாசலில் ஒரு சாய்தளம் அமைப்போம். அதன் வழியாக வருகிறவருக்கு ஆலயத்தில் ஓர் ஊழியத்தையும் ஆயத்தமாக வைத்திருப்போம்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.