ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றவரும், நிற்காமலே வந்தவரும்

முறைகேடான ஒரு நியமனம் தலைவரைக் கவிழ்த்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். 1952 அப்படிச் சொல்லவில்லை.

அந்த ஆண்டின் தேர்தலில் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர், ராஜபாளையம் பி. எஸ். குமாரசாமி ராஜா, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றுப்போனார். அரிசித் தட்டுப்பாடு, ரேஷன் கெடுபிடி, காங்கிரசுக்குள் கோஷ்டிச் சண்டை எல்லாவற்றுக்கும் ஜனங்கள் கணக்குத் தீர்த்தார்கள். 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான். பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்த ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சிக்கு உரிமை கோரியது.

இந்த நேரத்தில் ராஜாஜி கொண்டுவரப்பட்டார். தேர்தலில் நிற்காதவர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கென்று அரசியல் சட்டம் ஒதுக்கிய இடம் அது. ராஜாஜி எழுத்தாளர், சரி. ஆனால் அவர் வந்தது இலக்கியம் பேசவா? ஏப்ரல் 10 அன்று முதலமைச்சரானார். ‘கொல்லைப்புற வழி’ என்ற பேர் நிலைத்தது. பி. ராமமூர்த்தி உயர்நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியாயிற்று. ஜூலையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 200க்கு 151. ஆள் தப்பித்துவிட்டார்.

எப்படித் தப்பித்தார்? எதிர்த்தரப்பை அவர் உடைத்தார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். கம்யூனிச பயம் நியமனத்துக்கு ஒரு நியாயத்தைக் கட்டமைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஜூனில் அவர் ரேஷனை எடுத்தார். குமாரசாமி ராஜாவைத் தோற்கடித்த அதே அரிசி ராஜாஜியைக் காப்பாற்றியது. சோறு கிடைத்தவனுக்கு மேலவை நியமனம் பெரிய மனுஷர்களின் சண்டைதானே!

ஆனால் கணக்கு முடியவில்லை. 1953ல் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் வந்தது. ஜனங்களைக் கேட்காமல் வந்தவர், கேட்காமலே போட்ட திட்டம். பெரியார் அதைக் ‘குலக்கல்வி’ என்று பேர் சொல்லிக் கிளர்ச்சி நடத்தினார். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி போய் காமராஜர் வந்தார்.

ஆக, நியமன முறைகேடு மட்டும் தலைவரை வீழ்த்துவதில்லை. அது நீதிமன்றத்தில் நடைமுறைக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குப் பின்னாலுள்ள ‘கேட்காமல் ஆளும்’ மனசு அடுப்படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரும்போதுதான் ஜனங்கள் அதை அடையாளம் காண்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்புவது எதிர்ப்பு அரசியலின் வேலை. 1952ல் இடதுசாரிகள் அதைச் செய்யவில்லை, சட்டவிதியோடு நின்றுவிட்டார்கள். செய்தவர் தேர்தலுக்கே நிற்காத பெரியார்.

ஒரு பின்குறிப்பு: ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்ற குமாரசாமி ராஜா 1954ல் ஒரிசாவுக்கு ஆளுநரானார். அதுவும் நியமனம்தான்.