தொலைக்காட்சி விளையாட்டுக்களும் மலையகச் சிறுவரும்: ஹுன்னஸ்கிரியவை நிலைக்களனாகக் கொண்ட ஒரு நோக்கு

பழைய தொலைக்காட்சி விளையாட்டுக்களை மீண்டும் எடுத்து, அவற்றின் இனிமையைப் போற்றி மதிப்புரை எழுதுவது அண்மைக் காலத்தில் ஒரு தனி எழுத்துவகையாகவே வளர்ந்துள்ளது. யப்பானிய நின்டென்டோ நிறுவனம் தனது 1980களின் விளையாட்டுப் பொறியைச் சிறிய வடிவிலே, 30 விளையாட்டுக்களை உள்ளடக்கி, 2016 நவம்பரில் மறுபடியும் விற்பனைக்கு விட்டபோது கடைகளில் அது நில்லாது தீர்ந்தமை, இவ்வேக்கத்தின் சந்தைப் பெறுமதியை நன்கு உணர்த்திற்று. எனினும் இம்மதிப்புரைகளைப் படிக்குமிடத்து ஓர் ஐயம் எழுகின்றது. ‘எமது பிள்ளைப் பருவம்’ என்று அவை கூறும்பொழுது அந்த ‘எமது’ என்ற சொல்லுள் அடங்குவோர் யாவர்? வீட்டுக் கூடத்தில் சொந்தத் தொலைக்காட்சி, பிறந்தநாட் பரிசாக வந்த பொறி, அச்சிட்ட பெட்டியும் வழிகாட்டி நூலும் என்னும் இவையே அவ்வெழுத்து இயல்பெனக் கொள்ளும் சூழல். இவற்றுள் ஒன்றேனும் இல்லாமலே அதே விளையாட்டுக்களை ஆடியோர் உலகிலே பெருந்தொகையினர். அவர்களுள் ஒரு சிறு பகுதியினரான ஹுன்னஸ்கிரியச் சிறுவர்களின் நிலையிலிருந்து அவ்விளையாட்டுக்களை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சிறுவர்களுள் நாமும் ஒருவராயிருந்தோம் என்பதை முதலிலேயே கூறிவிடுவது நேர்மையாகும்.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் ஏ-26 நெடுஞ்சாலை, திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களைக் கடந்து மேலேறி ஹுன்னஸ்கிரியவை அடைகின்றது. 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டின் நீரினுள்ளே பழைய தெல்தெனிய நகர் மூழ்கிய கதை யாவரும் அறிந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் உடுதும்பரவும், அதன்பின் பேர்பெற்ற 18 வளைவுகளும் உள. சந்தியிலிருந்து பிரியும் கிளைப்பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரினுள் நுழைந்து லூலுவத்தை வழியாக மீமுரே வரை செல்லும். தோட்டத்துத் தமிழரும் சிங்களக் கிராமத்தவரும் முஸ்லிம் வணிகரும் நாளாந்தம் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் இடமாக அமைந்தது இச்சந்தியின் கடைத்தெருவே.

மலைநாட்டிலே விளையாட்டு என்பது பொறியுடன் வந்ததன்று. நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணிபுரிந்த எச். பாக்கர், 1909இல் வெளியான தமது ‘புராதன இலங்கை’ என்னும் ஆங்கில நூலிலே இந்நாட்டுப் பலகை விளையாட்டுக்களை விரிவாகப் பதிந்துள்ளார். சிறுத்தைகளும் மாடுகளும் பொருதும் சிங்களக் கட்டவிளையாட்டும், தோட்டத்தார் இந்தியாவிலிருந்து தம்முடன் கொணர்ந்த ஆடுபுலியாட்டமும் அமைப்பால் ஒரு குடும்பத்தன. லயத்து வாசற்படியிலே கரித்துண்டாற் கோடு கீறி ஆடுவோர் இருவர். சுற்றிநின்று யோசனை கூறுவோரோ பலர். பார்ப்போரும் ஆட்டத்திற் பங்காளர் என்னும் இவ்வழக்கத்தை மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் வந்த பொறியை நாம் இவ்வழக்கத்தினூடாகவே கண்டோம்.

பொறியின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1972இல் ஐக்கிய அமெரிக்காவிலே மெக்னவொக்ஸ் நிறுவனத்தின் ‘ஒடிசி’ வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் முதலாவது விளையாட்டுப் பொறியாக விற்பனைக்கு வந்தது. 1977இல் அட்டாரியின் பொறி வந்தது. 1983இல் அமெரிக்கச் சந்தை தன் மிகையுற்பத்தியாலேயே நொறுங்கியது. அதே ஆண்டு யூலை 15ஆம் திகதி யப்பானிலே நின்டென்டோ ‘ஃபமிகொம்’ என்னும் பொறியை வெளியிட்டது. விலை 14,800 யென். உள்ளிருந்த நினைவகம் வெறும் 2 கிலோபைற்று. ஒன்பது நாட்களின் பின், 24ஆம் திகதி இரவு, கொழும்பிலே தமிழர்க்கெதிரான வன்செயல் மூண்டது. 26ஆம் திகதி கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. ‘1983’ என்றவுடன் விளையாட்டு வரலாற்றாசிரியர் நினைப்பது ஒன்று. நம்மவர் நினைப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டிய நிலையிலுள்ளவர்கள் நாம்.

பொறி இம்மலைக்கு வந்தமைக்குரிய பொருளாதாரப் பின்னணி 1977இலே தொடங்குகின்றது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டமையும், 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியமையும், பெண்கள் பெருந்தொகையாக மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணியாளராகச் சென்றமையும் அடுத்தடுத்து நிகழ்ந்தவை. வானொலிப்பெட்டியும் தொலைக்காட்சியும் பல கிராமத்து வீடுகளில் அப்பெண்களின் உழைப்பாற் புகுந்தன. ஆனால் லயங்களுக்கு இவ்வழியும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தினர்க்குக் கடவுச்சீட்டு எட்டாப்பொருளாயிருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும், முழுமையாக 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும் இந்நிலை மாறிற்று. சிறுவரின் விளையாட்டுப் பொருளுக்கும் குடியுரிமைச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உளராயின், ஒரே மலையிலே கிராமத்து வீட்டுக்கு வந்த பொருள் அடுத்த லயத்துக் காம்பராவுக்கு வரப் பத்தாண்டு பிந்தியது ஏன் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

மின்சாரமும் அவ்வாறே. பல லயங்களில் மின்னிணைப்பு இல்லாத காலத்திலே கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி கார் பற்றரியில் இயங்கியது. பற்றரி இறங்கினால் அதனைச் சுமந்து சந்திக்குக் கொண்டுசென்று மின்னேற்றித் திரும்பல் வேண்டும். அத்தகைய அரிய மின்னைத் தமிழ்ப் படத்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் சேமிப்பரேயன்றி, பிள்ளைகளின் விளையாட்டுக்குச் செலவிட எவரும் ஒருப்படார். எனவே விளையாட்டு லயத்தில் நிகழாது, மின்னிணைப்புள்ள சந்திக் கடையிலேயே நிகழ்ந்தது.

அக்கடையிலிருந்த பொறி நின்டென்டோவினதன்று. ஃபமிகொம்மின் உள்ளுறுப்புக்களைத் தாய்வானிய, சீன உற்பத்தியாளர் உரிமமின்றிப் பிரதிசெய்தனர். தாய்வானின் யூ.எம்.சி. நிறுவனம் இதற்குரிய சில்லுகளை உற்பத்தி செய்தது. இத்தகைய பொறிகள் ரசியாவிலே ‘டென்டி’ எனவும், போலந்திலே ‘பெகாசஸ்’ எனவும், வேறு நாடுகளிலே ‘மைக்ரோ ஜீனியஸ்’ எனவும் பெயர் பெற்றன. சீனாவிலே ‘சுபோர்’ நிறுவனம் விசைப்பலகை இணைத்துக் கல்விக் கருவியெனக்கூறி விற்றது. எமக்கோ அது ‘டீவி கேம்’. வேறு பெயர் அதற்கு இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழுந்ததில்லை. யப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படத்தைப் புதுப்பிக்க, எமது தொலைக்காட்சி முறை 50 தடவையே புதுப்பிக்கும். யப்பானிய விளையாட்டுக்கள் அதிலும் குழப்பமின்றி ஓடுமாறு அச்சில்லுகள் மாற்றியமைக்கப்பட்டன. ஆயினும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. எமது மரியோ யப்பானியச் சிறுவனின் மரியோவினும் மெதுவாக ஓடினான் என்பது பின்னாளில் நாம் அறிந்த செய்தி.

அரை மணித்தியாலத்துக்கு ஒரு தேநீரும் வடையும் வாங்கக்கூடிய காசு. அதனை ஒருவராகக் கொடுக்கவல்லோர் சிலரே. நால்வர் சேர்ந்து கொடுப்பர், எண்மர் பார்ப்பர். கொழுந்துக் கணக்கு முடிந்து சம்பளம் வந்த வாரத்திலே கூட்டம் மிகும். தமிழும் சிங்களமும் கலந்த ஒரு பேச்சு அங்கு உருவாயிற்று. ‘பார், பார்’ என்பதும் ‘பலன், பலன்’ என்பதும் ஒரே வாயிலிருந்து வரும். ‘9999999 விளையாட்டுக்கள்’ என விளம்பரப்படுத்திய பேழைகளை, கசெற் என்றே நாம் வழங்கியவற்றை, ஆராய்ந்தால் உண்மையில் இருப்பன சில பத்துக்களே. ஏனையவை அவற்றின் இடைநிலைகளைப் புதுப்பெயரிட்டுத் திரும்பக் காட்டியவை. முதலாளித்துவ விளம்பரத்தின் இயல்பை நாம் நூலிற் படிக்குமுன் அப்பட்டியலிலேயே படித்துவிட்டோம்.

இச்சூழலிற் பிறக்கும் திறனாய்வு அளவுகோல் வேறாகவே இருத்தல் வேண்டும். படத்தின் தெளிவையும் இசையின் நயத்தையும் மட்டும் நோக்காது, காத்திருப்பவனை ஒரு விளையாட்டு எவ்வாறு நடத்துகின்றது என்பதையும் நாம் நோக்குகின்றோம்.

1985இல் வெளியான ‘சுப்பர் மரியோ’ இவ்வளவுகோலில் முதலிடம் பெறாது. மியமொட்டோ ஷிகேருவும் தெசுக்கா தகாஷியும் வகுத்த 32 நிலைகளும், கொண்டோ கோஜியின் இசையும், ஏறத்தாழ 40 கிலோபைற்றுக்குள் அடங்கிய வியப்பும் எவராலும் மறுக்கவொண்ணாதவை. முகிலும் புதரும் ஒரே உருவந்தான். நிறம் மட்டுமே வேறு. இடநெருக்கடியிலே பிறந்த இச்சிக்கனம், ஒரே காம்பராவில் அடுக்களையும் படுக்கையும் அமைத்த எமக்கு நன்கு விளங்கக்கூடியது. ஆனால் இருவர் ஆடும்போது ஒருவன் மாண்டபின்னரே மற்றவனுக்கு முறை வரும். வல்லவன் கையில் பிடி சென்றால் அரை மணித்தியாலமும் அவனுக்கே. திரையும் வலப்புறமாகவே நகரும். தவறவிட்டதை மீளச்சென்று எடுக்கவியலாது. குழாய் திருத்தும் தொழிலாளி ஒருவன் அரசகுமாரியை மீட்பதற்காக எட்டு உலகங்களிலும் அல்லற்படுவதை நண்பர் ஒருவர் வர்க்கக் கண்ணோட்டத்திலே விளக்கக் கேட்டிருக்கின்றோம். அதனை ஈண்டு விரிக்கவில்லை.

1984இன் ‘வாத்து வேட்டை’ சிறியதாயினும் சிறந்தது. துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒருகணம் கறுத்து, வாத்திருக்கும் இடம் மட்டும் வெண்சதுரமாகும். துப்பாக்கியினுள் உள்ள ஒளியுணரி அவ்வெண்மையைக் கண்டால் குறி தப்பவில்லை. ஒரு வாத்து மட்டும் பறக்கும் ஆட்டத்தில் இரண்டாவது கைப்பிடியால் அவ்வாத்தை அசைக்கலாம் என்பதைப் பலர் அறியார். காத்திருந்தவனுக்கு வாத்தாகும் வாய்ப்பு! எம்முடைய கூட்டத்திலே துப்பாக்கிக்கு இருந்த போட்டி வாத்துக்கும் இருந்தது.

‘கொன்ட்ரா’ சிக்கலானது. 1987இல் கொனாமி நிறுவனம் விளையாட்டுக் கூடங்களுக்காக வெளியிட்ட இது, 1988இல் வீட்டுப் பொறிக்கு வந்தது. நிக்கராகுவாவின் எதிர்ப்புரட்சியாளரை அமெரிக்க ஆட்சியினர் ஆயுதம் கொடுத்துப் போஷித்த செய்தி உலகெங்கும் அடிபட்ட காலம் அது. விளையாட்டின் இறுதி இசைக்கு ‘சண்டினிஸ்டா’ என்பதே பெயர். அரசியல் உள்ளடக்கத்தில் இது எம்மால் ஏற்கத்தக்கதன்று. காட்டிலே கண்டோரையெல்லாம் சுடும் இரு படைவீரரை, 1980களின் இறுதியில் இம்மலைகளிலேயே படைவீரரைக் கண்டஞ்சிய சமூகத்தின் பிள்ளைகள் ஆர்வத்தோடு இயக்கியமை இன்று எண்ணுந்தோறும் உறுத்துகின்றது. ஆயினும் வடிவத்தில் அது எம்மை ஒற்றுமைப்படுத்தியது என்பதையும் மறைத்தலாகாது. நீர்வீழ்ச்சி நிலையிலே ஒருவன் விரைந்து மேலேறினால் பின்தங்கியவன் திரையின் அடியில் அகப்பட்டு மாள்வான். ஆகவே முன்செல்பவன் நின்று தோழனை அழைத்துச் செல்லக் கற்கின்றான். உள்ளடக்கமும் உருவமும் ஒன்றையொன்று மறுக்கும் படைப்புக்கள் இலக்கியத்தில் மட்டும் உள்ளன அல்ல.

எம்மைப் பொறுத்தவரை முதலிடம் 1985இல் நம்கோ வெளியிட்ட ‘பற்றில் சிற்றி’க்கே உரியது. ‘டாங்கி’ என்றே சொல்வோம். செங்கற் சுவருக்குள்ளே ஒரு கழுகுச் சின்னம். அதனை இரு டாங்கிகள் காக்க வேண்டும். நிலை ஒன்றுக்குப் பகைவர் 20; நிலைகள் 35. இருவரும் ஒரே வேளையில் ஆடுவர். ஒருவன் கவனமின்றித் தோழனைச் சுட்டால் அவன் மாள்வதில்லை. சிறிதுநேரம் அசையாது நிற்பான். அவசரத்தில் தம் கழுகைத் தாமே சுட்டு வீழ்த்தினோரும் உளர். பார்ப்பவருக்கும் முழுக்களமும் ஒரே திரையில் தெரிவதால், எட்டுப்பேரும் எட்டுத் தளபதிகளாவர். லயத்து வாசலின் ஆடுபுலியாட்டம் மறுபிறவி எடுத்தது இங்கேதான் என்பது எமது துணிபு.

இவற்றுக்கப்பால், பேனா பற்றரியில் இயங்கிய சீனக் கையடக்கப் பொறி ஒன்று 1990களில் மலிவாக வந்தது. அதுவே மின்னில்லா லயத்தினுள்ளும் புகுந்தது. அதிலிருந்த கட்டடுக்கும் ஆட்டத்தின் மூலம் ‘டெட்ரிஸ்’. 1984இல் மொஸ்கோவின் விஞ்ஞானக் கழகக் கணினி நிலையத்திலே அலெக்ஸி பஜித்னோவ் அதனை ஆக்கினார். அதன் உரிமை அவர் கைக்கு 1996இலேயே வந்தது. சோவியத் ஆய்வாளரின் ஆக்கம், சீனத் தொழிலாளரின் கையால் உருப்பெற்று, இரவிலே கொழுந்துக்கூடைக்கு அருகில் ஒலித்தமை ஒரு சர்வதேசியந்தான். ஆனால் அதற்கு எவரும் திட்டமிடவில்லை. தனித்து ஆடுவதாகையால் வீட்டிலே சண்டையும் மிகுந்தது.

இவ்வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் எங்கே செல்வது? 2023இல் ஐக்கிய அமெரிக்காவிலே காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளையினர் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுக்களுள் 87 வீதம் இன்று சந்தையிற் கிடையா. உரிமம் பெற்ற விளையாட்டுக்களின் நிலையே இதுவாயின், உரிமமற்ற பிரதிகளை யார் பேணுவர்? எமது காப்பகம் கடைகளே. அவற்றின் கண்ணாடிப் பேழைகளிலும் பின்னறைகளிலும் கிடந்த பழுதான பொறிகளே மூலச்சான்றுகள். 2018 மார்ச்சிலே இதே ஏ-26 சாலையில் திகனவிலும் தெல்தெனியவைச் சூழ்ந்தும் முஸ்லிம்களின் கடைகள் தீக்கிரையாயின. 1983இல் கண்டியில் நிகழ்ந்தது வேறு மக்கள்மீது மறுபடி நிகழ்ந்தது. எரிந்த பொருட்களின் பட்டியலிலே ஒரு பழைய கசெற்றை எவரும் சேர்த்திரார்.

டாங்கி விளையாட்டின் முதற்பக்கத்திலே மூன்றாவது தெரிவாகக் ‘கட்டுமானம்’ என்றொன்று உண்டு. செங்கல், இரும்பு, நீர், காடு, பனிக்கட்டி ஆகியவற்றைக் கொண்டு களத்தை ஆடுவோரே அமைக்கலாம். காசு கொடுத்த அரை மணித்தியாலத்தில் பத்து நிமிடத்தை இதிலே செலவிடுவது ஊதாரித்தனம் என்று பெரிய பையன்கள் கடிந்துகொள்வர். ஆயினும் ஒருநாள் எம்முள் ஒருவன் நீரால் விக்டோரியாவையும், காட்டால் நக்கிள்ஸையும், செங்கல்லால் எட்டுக் காம்பரா லயம் ஒன்றையும் கட்டினான். கழுகு லயத்தின் கீழே இருந்தது. ஆடத் தொடங்குமுன் மின் நின்றது. அப்பொறியிலே எதனையும் சேமித்துவைக்க இயலாது. கடைக்காரர் மீதிக் காசைத் திருப்பித் தந்தார். நாம் மழையில் மேலேறி நடந்தோம், அடுத்த முறை லயத்துக்கு இரும்புச் சுவர் வைப்பதா செங்கற் சுவர் வைப்பதா என்று வழிநெடுகத் தர்க்கித்துக்கொண்டு.